முதலில் கேம்பர், அப்புறம் டிரக்

அமெரிக்காவில் பழைய டிரக் கேம்பர், அதாவது பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில் ஏற்றி வைக்கும் சின்ன வீடு, வாங்க நினைக்கிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் டிரக்கைத்தான் தேடுகிறார்கள். நிறம் பிடித்திருக்கும், ஓடிய மைல் குறைவாக இருக்கும், விலையும் படிந்துவிடும். வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் இதன் முதுகில் ஏறக்கூடிய கேம்பர் எது என்று விசாரிக்கத் தொடங்குவார்கள். மனதுக்குப் பிடித்த எந்தக் கேம்பரையும் அந்த வண்டி சுமக்காது என்பது அப்போதுதான் தெரியவரும்.

வரிசையை மாற்றிப் போடுங்கள். எத்தனை பேர் போகிறீர்கள், எந்தப் பருவத்தில், உள்ளேயே கழிப்பறை வேண்டுமா என்று முடிவு செய்து, அதற்கேற்ற கேம்பரைத் தேர்ந்தெடுங்கள். அதன் உண்மையான எடையைக் கணக்கிடுங்கள். டிரக் கடைசியில்தான். இரண்டையும் ஜோடியாகவே ஒருவர் விற்கிறார் என்றாலும் கணக்கு இதே கணக்குதான். விற்கிறவர் பத்து வருடம் அப்படியே ஓட்டினார் என்பதால் அந்த ஜோடி பொருத்தம் என்று ஆகிவிடாது. அளவுக்கு மேல் சுமந்துகொண்டே பத்து வருடம் ஓடிய வண்டிகள் ஏராளம். டயரும் பிரேக்கும் பேரிங்கும் அந்தக் கடனை அடுத்தவரிடம் வசூலிக்கும்.

கதவுத் தூணில் இருக்கும் எண்

டிரெய்லர் என்பது இழுவை, டிரக் கேம்பர் என்பது சுமை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் 12,000 பவுண்டு இழுவைத் திறன் இங்கே எதற்கும் உதவாது. தேவைப்படுவது பேலோட், அதாவது வண்டி தன் முதுகில் ஏற்றிக்கொள்ளக்கூடிய எடை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். அந்த எண் அந்த ஒரு வண்டிக்கே உரியது. ஒரே வருட, ஒரே மாடல் வண்டிகள் இரண்டை அருகருகே நிறுத்தினாலும், டீசல் எஞ்சின், நான்கு கதவு, ஃபோர் வீல் டிரைவ், கண்ணாடிக் கூரை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து பல நூறு பவுண்டு வித்தியாசம் வந்துவிடும். இணையத்தில் அந்த மாடலுக்குப் போட்டிருக்கும் எண்ணை நம்பி இறங்காதீர்கள். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது வண்டியின் படம் அல்ல, இந்த ஸ்டிக்கரின் படம்.

மொத்த அனுமதி எடை 10,000 பவுண்டுக்கு மேல் உள்ள வண்டிகளிலும் பழைய மாடல்களிலும் இந்த ஸ்டிக்கர் இருக்காது. அப்போது தூணில் உள்ள மற்றொரு பட்டையைப் பாருங்கள். மொத்த அனுமதி எடையும், முன் ஆக்சில், பின் ஆக்சில் ஒவ்வொன்றும் தாங்கும் எடையும் அதில் இருக்கும். டேங்க் நிறைய எரிபொருளோடு வெறும் வண்டியை எடை போட்டு, மொத்த அனுமதி எடையிலிருந்து கழித்தால் பேலோட் கிடைக்கும்.

ஹாஃப் டன், முக்கால் டன், ஒரு டன் என்ற பெயர்களுக்கும் உண்மையான தாங்கு திறனுக்கும் இன்று எந்தச் சம்பந்தமும் இல்லை, அவை பழங்காலத்து மிச்சம். ஃபோர்டு எஃப்-150, ரேம் 1500, சில்வராடோ 1500 ஆகிய ஹாஃப் டன் வண்டிகள் பெரும்பாலும் 1,400 முதல் 2,000 பவுண்டு வரை ஏற்கும். எஃப்-250, ரேம் 2500 வகை முக்கால் டன் வண்டிகள் 2,000 முதல் 3,500 வரை. டீசல் போட்ட முக்கால் டன் வண்டியில் இது 2,000-ஐ ஒட்டிக்கூட இறங்கிவிடும் என்பது பலரை ஏமாற்றும் இடம். பின்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள ஒரு டன் வண்டிகள் 3,500-க்கு மேல். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ளதை டூலி என்பார்கள், அது 5,000-ஐயும் தாண்டும்.

இப்போது கேம்பர் பக்கம். புத்தகத்தில் போட்டிருக்கும் 'டிரை வெயிட்' வெறும் கூடு மாதிரி. பல தயாரிப்பாளர்கள் ஏசி, பேட்டரி, வெயில் மறைப்பு, சில சமயம் கேம்பரைத் தூக்கி நிறுத்தும் ஜாக்கிகளைக்கூட அதில் சேர்ப்பதில்லை. ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு. பார்பிக்யூவுக்கு வாங்கும் சாதாரண கேஸ் சிலிண்டர் நிரம்பியிருந்தால் சுமார் 37 பவுண்டு. பெரிய அளவு ஏஜிஎம் பேட்டரி ஒன்று 65 பவுண்டு வரும்.

மேல்தளம் மடங்கும் பாப்-அப் கேம்பர் ஒன்று, டிரை வெயிட் 1,250 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் ஹாஃப் டன் வண்டிக்கென்றே செய்தது போலத் தோன்றும். ஃபிரிட்ஜ், ஹீட்டர், வெயில் மறைப்பு, சோலார் தகடு எல்லாம் சேர்ந்து 250. இரண்டு பேட்டரி 130. இருபது காலன் தண்ணீர் 167. சிலிண்டர் 37. கட்டும் கம்பிகளும் கொக்கிகளும் 60. பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் என்றால் 440. துணிமணி, நாற்காலி, கூலர், பாத்திரம், பிரஷர் குக்கர், அரிசி, மளிகை எல்லாம் 300. கூட்டினால் 2,634 பவுண்டு. கதவுத் தூணில் 1,600 என்று இருந்தால் ஆயிரத்துக்கும் மேல் அதிகம். 'லேசான கேம்பர்' என்ற சொல்லை நம்பினால் வருவது இதுதான். சுருக்கு வழி வேண்டுமென்றால், டிரை வெயிட்டோடு குறைந்தது 1,000 பவுண்டைக் கூட்டிக்கொண்டு டிரக் தேடுங்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

ஏர் பேக், அதாவது பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப் பை, போட்டால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொல்வார். ஆகாது. ஏர் பேக், கூடுதல் ஸ்பிரிங் பட்டை, தடித்த ஸ்வே பார் எல்லாமே வண்டியின் பின்பக்கம் தாழ்வதையும் ஆட்டத்தையும் குறைக்கும், அதற்கு நல்லவைதான். ஆனால் ஆக்சில், சக்கர பேரிங், ரிம், பிரேக் எதன் தாங்கு திறனும் அவற்றால் ஒரு பவுண்டுகூடக் கூடுவதில்லை. கேம்பரின் எடை கிட்டத்தட்ட முழுக்கப் பின் ஆக்சில் மேலேயே விழுகிறது. அதனால் மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் பின் ஆக்சிலின் வரம்பு மீறப்படலாம்.

இதையெல்லாம் ஊகிக்கத் தேவையில்லை. நெடுஞ்சாலை ஓரத்து டிரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும். முன் சக்கரங்கள் ஒரு பலகையிலும் பின் சக்கரங்கள் அடுத்த பலகையிலும் நிற்கும்படி ஓட்டி நிறுத்தினால், ஆக்சில் வாரியாக அச்சிட்ட சீட்டு தருவார்கள். 15 டாலர் அளவில் முடிந்துவிடும். கேம்பர் ஏற்றிய ஜோடியை வாங்குகிறீர்கள் என்றால், பேரம் பேசும் முன்பே இந்த எடைமேடை வரை வர விற்பவரைக் கேளுங்கள். தண்ணீர்த் தொட்டி காலியா நிறைவா என்று பார்த்துக் குறித்துக்கொள்வது முக்கியம். மறுக்கிறவரிடம் ஏன் என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பொருந்துமா என்று டேப் சொல்ல வேண்டும்

பிக்கப்பின் பெட், அதாவது பின்தொட்டி, பொதுவாக 5.5 அடி, 6.5 அடி, 8 அடி நீளங்களில் வரும். 8 அடிக்குச் செய்த கேம்பரை 6.5 அடித் தொட்டியில் ஏற்றினால் உள்ளே போகும், ஆனால் வால் வெளியே நீளும். எடையின் மையம் பின் ஆக்சிலுக்குப் பின்னால் போய்விடும், முன் சக்கரங்கள் லேசாகி ஸ்டியரிங் மிதக்கும். பெரும்பாலான கேம்பர்களின் பக்கவாட்டில் எடை மையத்தைக் காட்டும் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஏற்றியபின் அது பின் ஆக்சிலுக்கு நேராகவோ முன்னாலோ இருக்க வேண்டும். பின்னால் இரண்டு அங்குலம் போனாலும் அந்த ஜோடி வேண்டாம்.

மேலும் இரண்டு உயரங்களை அளக்க வேண்டும். தொட்டியின் தரையிலிருந்து பக்கச் சுவரின் விளிம்பு வரை ஒன்று, அதே தொட்டித் தரையிலிருந்து கேபின் கூரை வரை இன்னொன்று. கேம்பரில் அதன் அடித்தளத்திலிருந்து தொட்டிச் சுவர்களுக்கு மேல் நீளும் பக்க இறக்கைகளின் அடிப்பகுதி வரையும், கேபின் மேல் நீளும் படுக்கைப் பகுதியின் அடிப்பகுதி வரையும் அளந்து ஒப்பிடுங்கள். பக்கத்தில் ஓரங்குலமாவது, கேபினுக்கு மேல் இரண்டு மூன்று அங்குலமாவது இடைவெளி வேண்டும். சாலைக் குலுக்கலில் இரண்டும் தனித்தனியாக அசையும், இடைவெளி இல்லாவிட்டால் கூரை நசுங்கும். புதிய டிரக்குகளின் தொட்டிச் சுவர்கள் பழையவற்றைவிட உயரமாகிவிட்டன. அதனால் பழைய கேம்பரும் புது டிரக்கும் சேரும்போது இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். அடியில் கெட்டியான ஃபோம் பலகை வைத்துத் தூக்கலாம். தூக்கும் ஒவ்வோர் அங்குலமும் வண்டியின் ஆட்டத்தைக் கூட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

டூலி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் பின் பக்கம் அகலம், கேம்பரின் முன் ஜாக்கிகளுக்கு நடுவே நுழையாது. ஜாக்கிகளை வெளியே தள்ளி வைக்கும் பிராக்கெட் வேண்டும். ஒற்றைச் சக்கர வண்டி வைத்திருந்தவரின் கேம்பரில் அது இருக்காது.

ஓதம்

கேம்பரில் மற்ற எல்லாப் பழுதையும் பணத்தால் சரிசெய்யலாம். தண்ணீர் புகுந்து உளுத்த கூட்டைச் சரிசெய்வது என்பது கேம்பரையே மறுபடி கட்டுவது. பார்வையிடும் நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள்.

ஏணி போட்டுக் கூரையில் ஆரம்பிக்க வேண்டும். கூரையில் ரப்பர் அல்லது டிபிஓ சவ்வு விரித்திருக்கும். விசிறித் துளை, ஏசி, ஆன்டெனா, ஓரப் பட்டைகள் என்று துளை போட்ட ஒவ்வோர் இடத்தையும் சுற்றிப் பூசிய சீலன்டைப் பாருங்கள். வெடித்திருக்கிறதா, ஓரம் பிரிந்து எழும்பியிருக்கிறதா? டைகார் போன்ற, தானாகப் பரவிச் சமமாகும் சீலன்ட்தான் கூரைக்கு உரியது. யாராவது கடையில் வாங்கிய சிலிக்கோனைத் தாராளமாக அப்பியிருந்தால் அது அபாயக் குறி. ஏற்கெனவே ஒழுகியதால்தான் அப்பியிருப்பார்கள். அதோடு, சிலிக்கோன் மேல் வேறு எந்தச் சீலன்டும் ஒட்டாது, முழுக்கச் சுரண்டி எடுத்தால்தான் உண்டு.

உள்ளே வந்தால் முதலில் படுக்கை மெத்தையைத் தூக்குங்கள். கேபினுக்கு மேல் நீளும் பகுதியின் முன் மூலைகள்தான் பெரும்பாலான கேம்பர்களில் முதலில் அழுகும் இடம். அங்கே முன் ஜன்னல் இருந்தால் ஐயம் இரட்டிப்பு. கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். பிளைவுட் கெட்டியாக இருக்க வேண்டும், பிஸ்கட் மாதிரி அமுங்கக் கூடாது. அலமாரிகளைத் திறந்து மூலைகளில் டார்ச் அடியுங்கள். பழுப்பு வளையம், சுவர்த்தாளில் சுருக்கம், துருப்பிடித்த ஸ்கிரூ தலை எல்லாம் தண்ணீர் விட்டுச்சென்ற கையெழுத்து. ஒரே ஒரு பலகை மட்டும் புதிதாக மின்னினால், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாக இருக்கலாம். அதன் பின்னால் என்ன இருந்தது என்று கேளுங்கள்.

ஊசி வகை ஈரமானி 30, 40 டாலருக்குக் கிடைக்கும். மரத்தில் குத்தினால் 15 சதவீதத்துக்குள் காட்டினால் கவலை இல்லை, 20-ஐத் தாண்டினால் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது. அலுமினியச் சட்டம் உள்ள சுவரில் உலோகத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பொய்யாக உயர்ந்த எண் காட்டும். ஓரடி தள்ளி மறுபடி பாருங்கள். ஈரம் எல்லாமே ஒழுகல் அல்ல என்பதும் உண்மை. குளிர்நாளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே குக்கர் வைத்தால் ஆவி சுவரில் வியர்த்து மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை மெத்தைக்கு அடியில் பரவலாக இருக்கும், ஒழுகல் ஒரு புள்ளியில் தொடங்கிக் கீழ்நோக்கி வழிந்திருக்கும்.

வெளிச் சுவரை வெயில் சாய்வாக விழும் கோணத்தில் நின்று பாருங்கள். ஃபைபர் கண்ணாடித் தோல் எங்காவது அப்பளம் போல உப்பியிருந்தால் உள்ளே பசை விட்டுப்போய்விட்டது என்று பொருள். கடைசியாக, ஜாக்கிகள் பொருத்திய இடமும், கட்டும் கொக்கிகள் உள்ள நான்கு மூலைகளும். அங்கே மரம் இற்றிருந்தால் நெடுஞ்சாலையில் கொக்கி பிய்த்துக்கொண்டு வரும். அதற்கு விலைக் குறைப்பு எதுவும் ஈடாகாது, எழுந்து வந்துவிடுங்கள்.

கட்டுமான வகையில் ஒரு சாய்வு வைத்துக்கொள்வதில் தவறில்லை. கனடாவின் நார்தர்ன் லைட், பிக்ஃபுட் போன்றவை இரண்டு ஃபைபர் கண்ணாடி ஓடுகளைச் சிப்பி போல ஒட்டிச் செய்தவை. தையல் குறைவு, அதனால் ஒழுகும் வழிகளும் குறைவு. பழசானாலும் விலை இறங்காதது இதனால்தான். ஸ்லைட்-அவுட் என்று பக்கவாட்டில் நீளும் அறை உள்ளவற்றை முதல்முறை வாங்குகிறவர்கள் தவிர்ப்பதே நல்லது. எடை கூடுகிறது, ரப்பர் சீல் காய்ந்தால் ஒழுகுகிறது, மோட்டார் நின்றால் நீட்டிய அறையோடு வண்டியை நகர்த்த முடியாது.

உள்ளே ஓடுபவை

விற்பவரிடம் முந்தைய இரவே ஃபிரிட்ஜைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். கேஸிலும் கரன்ட்டிலும் ஓடும் அப்சார்ப்ஷன் வகைக்குக் குளிர ஆறேழு மணி நேரம் பிடிக்கும், நீங்கள் போய் நின்றபின் போட்டால் ஒன்றும் தெரியாது. இரண்டிலும் ஓடுகிறதா என்று தனித்தனியே பார்க்க வேண்டும். அமோனியா நெடியோ, பின்பக்கம் மஞ்சள் படிவோ இருந்தால் குளிர்விக்கும் பகுதி செத்துவிட்டது. இந்த வகை ஃபிரிட்ஜ் சமதளத்தில் நின்றால்தான் ஒழுங்காக வேலை செய்யும். சாய்வான இடத்தில் மணிக்கணக்காக ஓட்டினால் அதுவே அதற்கு எமன்.

கேஸ் லைனுக்கு எளிய சோதனை உண்டு. சிலிண்டர் வால்வைத் திறந்து, அடுப்பு ஒழுங்காக எரிகிறதா என்று பார்த்து அணைத்துவிட்டு, வால்வை மூடிக் கால் மணி நேரம் காத்திருங்கள். மறுபடி அடுப்பைப் பற்றவைத்தால் குழாயில் தங்கிய கேஸில் சிறிது நேரம் எரிய வேண்டும். எரியாவிட்டால் எங்கோ கசிவு. இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். வாங்கியபின் ஒருமுறை முறையான அழுத்தச் சோதனையும் செய்துவிடுங்கள். சிலிண்டர் கழுத்தில் தயாரித்த மாதமும் வருடமும் பொறித்திருக்கும். 12 வருடம் தாண்டி, மறுபரிசோதனை முத்திரையும் இல்லாவிட்டால் நிரப்பித் தரமாட்டார்கள். கேஸ், கார்பன் மோனாக்சைடு அலாரங்களுக்கும் ஆயுள் உண்டு, பொதுவாக ஐந்து முதல் ஏழு வருடம். பச்சை விளக்கு எரிகிறது என்பதால் வேலை செய்கிறது என்று பொருளில்லை. பின்னால் திருப்பித் தேதியைப் பாருங்கள். பழசென்றால் பேசாமல் மாற்றிவிட வேண்டியதுதான்.

தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் விட்டு பம்பைப் போடுங்கள். எல்லாக் குழாயையும் மூடியபின் பம்ப் நிற்க வேண்டும். யாரும் குழாயைத் தொடாமலே கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பம்ப் 'கிர்ர்' என்று ஓடி நின்றால் எங்கோ சொட்டுகிறது. பனிக்காலத்தில் குழாய்களில் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் விடாமல் போட்ட கேம்பர்களில் இது சகஜம், உறைந்த தண்ணீர் விரிந்து இணைப்புகளை வெடித்துவிடும். வாட்டர் ஹீட்டர் சபர்பன் நிறுவனத்தது என்றால், டேங்க்குக்குப் பதிலாகத் தான் கரையும் ஆனோட் கம்பி அதில் இருக்கும், கழற்றிப் பாருங்கள். முக்கால்வாசி கரைந்திருந்தால் மாற்ற வேண்டும், சின்னச் செலவு. கம்பியே மிச்சமில்லை என்றால் டேங்க்கைத் துரு தின்னத் தொடங்கியிருக்கும்.

மின்சாரம் 30 ஆம்ப், 120 வோல்ட். வீட்டில் செருகி வைக்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு '30 ஆம்ப் பிளக் வேண்டும்' என்று மட்டும் சொன்னால், துணி உலர்த்தும் மெஷினுக்கான 240 வோல்ட்டைக் கொடுத்துவிடும் ஆபத்து உண்டு, பல கேம்பர்களில் கன்வெர்ட்டரும் ஏசியும் கருகிய காரணம் இது. 'டிடி-30' (கேம்பர்களுக்கான சாக்கெட் வகை), 120 வோல்ட் என்று எழுதிக் கொடுங்கள். செருகும் முன் மல்ட்டிமீட்டரால் அளந்துவிடுங்கள்.

ஜாக்கிகளையும் சோதிக்க வேண்டும். அதற்குச் சிறந்த வழி, கேம்பர் டிரக்கிலிருந்து இறக்கிய நிலையில் இருக்கும்போது போய்ப் பார்ப்பது. அடித்தளம், தொட்டியின் தரை இரண்டும் கண்ணுக்குப் படும். பிறகு உங்கள் முன்னாலேயே ஏற்றச் சொல்லுங்கள். நான்கு ஜாக்கியும் முழுதாக ஏறி இறங்குகின்றனவா என்பதும் தெரிந்துவிடும், ஏற்றும் வித்தையும் காசில்லாமல் கற்றுக்கொண்டதாகும்.

இப்போது டிரக்

முதல் கேம்பருக்கு டீசல் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. மலையேற்றத்தில் டீசல் சுகம், மறுப்பதற்கில்லை. ஆனால் பேலோடில் சில நூறு பவுண்டை எஞ்சினே தின்றுவிடுகிறது, பழையதில் பழுது வந்தால் பில் நாலு இலக்கத்தில் தொடங்கும். ஃபோர்டின் 6.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் (2011 முதல்), ஜிஎம்மின் 6.0 லிட்டர் இரண்டும் தாகம் அதிகமானவை, ஆனால் முரடானவை. ஃபோர்டு 5.4 லிட்டர், சிலிண்டருக்கு மூன்று வால்வு உள்ளதில் ஸ்பார்க் பிளக் கழற்றும்போது உடைவதும் கேம் ஃபேசர் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பாகம்) தட்டுவதும் ஊரறிந்த வியாதி. டீசல்தான் என்று முடிவானால், ஃபோர்டின் 6.0 லிட்டரை (2003–2007) ஹெட் கேஸ்கெட்டுக்காகவும் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலருக்காகவும், ஜிஎம் டூராமாக்ஸ் எல்பி7-ஐ (2001–2004) இன்ஜெக்டருக்காகவும் சந்தேகத்தோடு அணுகுங்கள். புகை வடிகட்டியைக் கழற்றி 'டிலீட்' செய்த டீசல் வண்டி சட்டவிரோதம், சோதனை உள்ள மாநிலங்களில் பதிவே சிக்கலாகும். விலை குறைவு என்று மயங்க வேண்டாம்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள், பானட்டைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். பனிக்கு உப்பு தூவும் மாநிலத்து வண்டி என்றால் அடியில் படுத்து சேஸியைச் சுத்தியால் தட்டுங்கள், 'ணங்' என்று கேட்க வேண்டும். 'தப்' என்றால் துரு உள்ளே போய்விட்டது. பிரேக் குழாய்களையும் ஸ்பிரிங் பட்டை பொருந்தும் தாங்கிகளையும் குறிப்பாகப் பாருங்கள். கேம்பர் சுமந்த வண்டியில் கட்டும் கம்பிகள் சேஸியோடு சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

டயர் லோட் ரேஞ்ச் இ ஆக இருக்க வேண்டும். பக்கவாட்டில் தாங்கும் எடை அச்சிட்டிருக்கும். உதாரணமாக எல்டி245/75ஆர்16, லோட் இ டயர் 80 பிஎஸ்ஐ காற்றில் 3,042 பவுண்டு தாங்கும், பின்னால் இரண்டுக்கும் சேர்த்து 6,084. எடைமேடைச் சீட்டில் பின் ஆக்சில் எடை அதைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்க வேண்டும். டயரில் பொறித்த டிஓடி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும்: 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம். பட்டன் புதிதாகத் தெரிந்தாலும் ஆறேழு வருடம் தாண்டிய டயரை கேம்பருக்கு நம்பாதீர்கள். மாற்றும் செலவை விலையிலேயே கழித்துப் பேசுங்கள். ஸ்டெப்னியின் தேதியையும் பாருங்கள், அது வண்டியோடு பிறந்ததாகவே இருக்கும்.

டிரக்கின் விஐஎன் என்ற அடையாள எண்ணைக் கொண்டு, சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ தளத்தில் ரீகால் (தயாரிப்பாளர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டிய குறை) பாக்கி இருக்கிறதா என்றும், இன்ஷூரன்ஸ் குற்றத் தடுப்பு அமைப்பான என்ஐசிபி தளத்தில் திருட்டு அல்லது சால்வேஜ் (பெரும் சேதமடைந்தது என்ற) பதிவு உண்டா என்றும் இலவசமாகப் பார்த்துவிடலாம். கேம்பருக்கு டைட்டில் என்ற உரிமைப் பத்திரம் தேவையா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில மாநிலங்கள் அதைச் சரக்கு என்று விட்டுவிடுகின்றன, வாஷிங்டன் மாநிலம் டைட்டிலும் பதிவும் கேட்கும். மாநிலம் தாண்டி வாங்கும் முன் உங்கள் மாநில மோட்டார் வாகன அலுவலகத்தில் கேளுங்கள். சீரியல் எண்ணோடு விற்பனைச் சீட்டு கட்டாயம். டிரக் இன்ஷூரன்ஸ் கேம்பரையும் சேர்த்துக் காக்கும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

பட்ஜெட்டில் பலர் விட்டுவிடும் செலவு கட்டும் சாமான்கள். சேஸியோடு பொருந்தும் டோர்க்லிஃப்ட் வகைக் கம்பிகள், முறுக்கி இறுக்கும், ஸ்பிரிங் வைத்த டர்ன்பக்கிள் நான்கு, தொட்டியில் வழுக்காத ரப்பர் பாய் எல்லாம் சேர்ந்தால் 1,000 டாலரைத் தாண்டிவிடும். சரக்குப் பெல்ட்டைப் போட்டுக் கட்டிக்கொள்ளலாம் என்பது யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவது. ஜோடியாக வாங்கும்போது இவையும் சேர்ந்து வருகின்றனவா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

முதல் ஏற்றம்

டெயில்கேட்டை, அதாவது தொட்டியின் பின்கதவைக் கழற்றி வையுங்கள். கேம்பரை, தொட்டித் தரையைவிட இரண்டு மூன்று அங்குலம் உயரமாக, முன்பக்கம் சற்றே தூக்கலாக ஜாக்கியில் நிறுத்துங்கள். தரையில் கேம்பரின் நடுக்கோட்டுக்கு நேராக ஒரு டேப் ஒட்டிக்கொண்டால் பின்னோக்கி வருவது எளிது. ஒருவர் ஓட்ட, ஒருவர் பின்னால் நின்று கைகாட்டட்டும். சக்கர வளைவுகளுக்கு நடுவே இருபுறமும் ஓரங்குலம்தான் இடம் இருக்கும். கோணலாக வந்தால் முன்னே எடுத்து மறுபடி வாருங்கள், ஜாக்கியில் நிற்கும் கேம்பரை வண்டியால் இடித்து நேராக்கப் பார்த்தால் ஜாக்கி மடியும். முன்பக்கம் தொட்டிச் சுவரைத் தொட்டபின் நான்கையும் சமமாக இறக்கி, முன் டர்ன்பக்கிள்களை முதலிலும் பின்னவற்றை அடுத்தும் முறுக்குங்கள். ஏழு முனை மின் இணைப்பைச் செருகி, விளக்குகளைப் பாருங்கள். பின்பக்கம் தாழ்ந்ததால் ஹெட்லைட் மேல்நோக்கி அடிக்கும், அதையும் திருத்த வேண்டும்.

தரையிலிருந்து ஏசியின் உச்சி வரை அளந்து, அந்த உயரத்தைக் காகிதத்தில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். கெட்டிச் சுவர் கேம்பர் 12 அடியைத் தொட்டுவிடும். வட கரோலினாவின் டர்ஹமில், 11 அடி 8 அங்குலம் என்று பேர்பெற்ற ரயில் பாலம் அத்தனை வண்டிக் கூரைகளைச் சீவித் தள்ளியதால், 2019-இல் அதை 12 அடி 4 அங்குலமாக உயர்த்தினார்கள். பெட்ரோல் பங்க் கூரைகளும், உணவகங்களின் டிரைவ்-த்ரூவும், மரக்கிளைகளும் அப்படி உயர்ந்து கொடுப்பதில்லை.

முதல் 50 மைல் ஓட்டியதும் நிறுத்தி டர்ன்பக்கிள்களை மறுபடி முறுக்குங்கள், கேம்பர் ரப்பர் பாயில் அமர்ந்து கட்டாயம் தளர்ந்திருக்கும். அப்படியே வழியில் எடைமேடை ஏறி, ஆட்களும் தண்ணீரும் சாமானும் இருக்கிறபடியே ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரவை யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் வைக்காமல் வீட்டு வாசலில் வைத்தால், எந்த ஸ்பேனர் இல்லை, எந்த ஃபியூஸ் போய்விட்டது என்பதெல்லாம் கடை பக்கத்தில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.